கிராம்பு எண்ணெய் ஃபிலிம்: எட்டு மாதம் செய்து பார்த்த கதை

இரண்டாம் போகமான கும்பப்பூ நடவு தொடங்கிப் பத்து நாள் ஆனால் போதும், அம்மாவின் கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, ஊறி, தோல் உரிந்து சேற்றுப்புண் ஆகிவிடும். நாஞ்சில் நாட்டில் வயலில் இறங்குகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ராத்திரி மருதாணி இலையை அரைத்து விரல் இடுக்கில் அப்பி, பழைய வேட்டித் துணியால் கட்டிக்கொண்டு படுப்பார். காலையில் புண் கொஞ்சம் வாடியிருக்கும், மறுபடி சேற்றில் இறங்கினால் மத்தியானத்துக்குள் பழையபடி ஆகிவிடும். டாக்டர் எழுதிக் கொடுக்கிற களிம்பு நன்றாகவே கேட்கும், ஆனால் ஈரமான விரல் இடுக்கில் அது நிற்பதில்லை, கொஞ்ச நேரத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

நுண்ணுயிரியல் ஆய்வுப் படிப்பில் சேர்ந்து, தோல் தொற்றுக்குத் தாவர எண்ணெய் சேர்த்த நானோ ஃபிலிம் என்று தலைப்பு முடிவானபோது என் கண்முன் நின்றது அம்மாவின் கால்தான். மெல்லிய தாள் மாதிரி ஒன்று, தோலில் ஒட்டிக்கொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். எந்த எண்ணெய் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மலையில், மாறாமலைப் பக்கம் விளைகிற கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால் என்கிற ஒரே பொருள், பல் டாக்டரிடம் போனால் மூக்கில் ஏறுமே அந்த வாசனை. அது கிருமியின் மேலுறைச் சவ்வுக்குள் புகுந்து அதைக் கிழித்து உள்ளிருப்பதை வெளியே கசியவிடுகிறது. பாக்டீரியாவும் கேட்கும், பூஞ்சையும் கேட்கும். சேற்றுப்புண்ணில் இரண்டுமே இருக்கும் என்பதால் அது எனக்குத் தோதாக இருந்தது.

எண்ணெயை அப்படியே ஃபிலிம் கரைசலில் ஊற்றிக் கலக்கினால் என்ன, எதற்கு நானோ என்று பலரும் கேட்டார்கள். நானும் முதலில் ஊற்றித்தான் பார்த்தேன். காய்ந்த ஃபிலிமில் எண்ணெய் அங்கங்கே திட்டாக நின்றது, ஒரு மூலையில் எரிகிற அளவுக்கு, இன்னொரு மூலையில் ஒன்றுமே இல்லை. துளியை நூறு நானோமீட்டர் அளவுக்கு உடைத்துவிட்டால் அது ஃபிலிம் முழுக்கச் சமமாகப் பரவி நிற்கும், மெதுவாகவும் வெளியே வரும். நானோ என்பதற்கு இதில் வேறு மாயம் எதுவும் இல்லை.

சரி, முதலில் எண்ணெய். கடையில் கிடைக்கிற கிராம்பு எண்ணெயில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் நானே வடிப்பது என்று முடிவு செய்தேன். 100 கிராம் கிராம்பைக் கொரகொரப்பாகப் பொடித்து, இரண்டு லிட்டர் குடுவையில் ஒரு லிட்டர் தண்ணீரோடு போட்டு, ஆவியோடு வருகிற எண்ணெயைத் தனியாகப் பிரித்துப் பிடிக்கிற கிளெவெஞ்சர் கருவியை மாட்டி மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஆய்வகம் முழுக்க பிரியாணி வாசனை, ஆனால் அளவுக் குழாயில் எண்ணெய் தேறவே இல்லை. மேலே ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். குழாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்து உற்றுப் பார்த்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. மஞ்சள் துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீருக்குள் இறங்கி, கீழே வளைந்து போகிற திரும்புகுழாய் வழியாகத் திரும்பக் குடுவைக்கே போய்க்கொண்டிருந்தன. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, அடர்த்தி 1.05 பக்கம். எங்களிடம் இருந்ததோ நீரில் மிதக்கிற எண்ணெய்களுக்கான கருவி. எலுமிச்சைப் புல், யூகலிப்டஸ் எல்லாம் அதில் அழகாக வரும். கனமான எண்ணெய்க்கு வேறு வடிவக் குழாய் இருக்கிறது, வாங்கும்போதே கேட்டு வாங்கவேண்டும்.

எங்களிடம் அது இல்லை. அதனால் சாதாரணக் குளிர்விப்பானை மாட்டி, வடிந்து வந்த தண்ணீரை மொத்தமாகப் பிடித்தேன், அரை லிட்டருக்கு மேல், நீர்மோர் மாதிரி வெளுப்பாக. எண்ணெய் சீக்கிரம் பிரியட்டும் என்று அதில் ஒரு பிடி உப்பைப் போட்டேன், எல்லாச் செய்முறையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். பிரிபுனலில் ஊற்றிவைத்தால் எண்ணெய் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை, நடுவில் சின்னச் சின்ன மணியாகத் தொங்கிக்கொண்டு நின்றது. நான் போட்ட உப்பு அந்தத் தண்ணீரின் அடர்த்தியைச் சரியாக எண்ணெயின் அடர்த்திக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டிருந்தது! கிட்டத்தட்ட 7 சதவீத உப்பு இருந்தாலே 1.05 வந்துவிடும். இன்னும் உப்பைக் கொட்டிக் கரைத்ததும் அத்தனை மணியும் மெல்ல மேலே ஏறி ஒன்றுசேர்ந்து மஞ்சள் அடுக்காக மிதந்தது. அந்தப் பத்து நிமிடம் பிரிபுனலுக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், இந்த எட்டு மாதத்தில் கண்ணுக்கு இவ்வளவு அழகாக வேறெதுவும் தெரியவில்லை. 12 மி.லி. கிடைத்தது. நீரற்ற சோடியம் சல்ஃபேட் போட்டு ஈரத்தை எடுத்து, பழுப்பு பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். எண்ணெயில் என்னென்ன எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிற ஜிசி-எம்எஸ் சோதனைக்கு வெளியில் அனுப்பிப் பார்த்ததில் யூஜெனால் 80 சதவீதத்தை ஒட்டி இருந்தது, மிச்சத்தில் பெரும்பாலும் கேரியோஃபில்லீனும் யூஜெனைல் அசிடேட்டும்.

அடுத்தது எமல்ஷன், அதாவது எண்ணெயைத் துளித்துளியாகத் தண்ணீரில் கலந்து நிறுத்துவது. எண்ணெய் 5 மி.லி., இரண்டும் சேர்ந்து நிற்க சோப்பு மாதிரி உதவுகிற ட்வீன் 80 ஒரு 5 மி.லி., தண்ணீர் 90 மி.லி. காந்தக் கலக்கியில் அரைமணி நேரம் சுற்றினால் பால் மாதிரி வரும், அதை ஒலியதிர்வு தருகிற புரோப் சோனிகேட்டரில் உடைக்கவேண்டும். முதல் தடவை பனிக்கட்டி வைக்காமல் தொடர்ச்சியாக ஐந்து நிமிடம் ஓட்டினேன், பீக்கரைத் தொட்டால் கை சுட்டது, கிராம்பு வாசனை வராந்தா வரைக்கும் போனது. வாசனை வெளியே போகிறது என்றால் எண்ணெயும் போகிறது என்று அர்த்தம். அப்புறம் பீக்கரைப் பனிக்கட்டியில் புதைத்து, ஐந்து விநாடி ஓட்டம், ஐந்து விநாடி ஓய்வு என்று வைத்து மொத்தம் பத்து நிமிடம். புரோபின் நுனி டைட்டானியம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து விழும், அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மையவிலக்கியில் ஒரு சுற்று சுற்றி எடுத்துவிடலாம். தோலில் வைக்கப்போகிற பொருளில் உலோகத் தூசியை விடக்கூடாது.

நன்றாக உடைந்திருக்கிறதா என்று கருவி இல்லாமலே ஓரளவு சொல்லிவிடலாம். பாட்டிலைக் கறுப்புத் தாள் முன்னால் வைத்தால் இளநீலமாகத் தெரியும், அதையே சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சு சாயலடிக்கும். வானம் நீலமாகவும் சாயங்காலச் சூரியன் சிவப்பாகவும் தெரிகிற அதே ஒளிச்சிதறல்தான். வெறும் வெள்ளையாக இருந்தால் துளி இன்னும் பெரிது. இன்னொரு ஊரில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போய் அளந்தபோது சராசரி 85 நானோமீட்டர் என்று வந்தது, துளிகளின் அளவு பெரிதாகச் சிதறியிருக்கவும் இல்லை.

அந்த மகிழ்ச்சி பத்து நாள். பதினோராம் நாள் பாட்டிலை எடுத்தால் நீலம் போய் வெள்ளை, அடியில் மஞ்சளாக எண்ணெய் இறங்கியிருந்தது. யூஜெனால் தண்ணீரில் கொஞ்சம் கரையும், ஒரு லிட்டருக்குச் சுமார் 2.4 கிராம். அந்தக் கொஞ்சமே போதும், சின்னத் துளியிலிருந்து யூஜெனால் கரைந்து தண்ணீர் வழியாகப் போய்ப் பெரிய துளியில் சேர்ந்துகொண்டே இருக்கும், சின்னது தேய்ந்து பெரிது வளரும். ஆஸ்வால்ட் ரைப்பனிங் என்று இதற்குப் பெயர். இதைத் தடுக்க, தண்ணீரில் சுத்தமாகக் கரையாத ஒரு எண்ணெயை அதே துளிக்குள் கலந்துவிடவேண்டும். நான் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கிற எம்சிடி எண்ணெயைச் சேர்த்தேன்: கிராம்பு எண்ணெய் 3.5, எம்சிடி 1.5. துளிக்குள் எம்சிடி இருக்கிறவரை யூஜெனால் வெளியே போகப் போக உள்ளே எம்சிடியின் பங்கு ஏறும், அது யூஜெனாலைத் திரும்ப உள்ளே இழுக்கும். இந்தப் பாட்டில் இரண்டு மாதம் கழித்தும் நீலமாகவே இருக்கிறது. ட்வீனை இன்னும் கூட்டிப் பார்க்கலாமே என்று கைடு மேடம் சொன்னார், ஆனால் சோப்புத்தன்மை கூடினால் புண் தோலுக்கு நல்லதில்லை என்று எனக்குத் தோன்றியது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஃபிலிமுக்கு அடிப்படை கைட்டோசான். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிற பொருள், கடற்கரை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த ஓட்டுக் குவியலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெறும் தண்ணீரில் கரையாது, அமிலம் வேண்டும். ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் 2 சதவீத கைட்டோசானைப் போட்டு ராத்திரி முழுக்கச் சுற்றவிட்டால் காலையில் பனங்கூழ் பதத்தில் நிற்கும். கரையாத துணுக்குகளை எடுக்க, துவைத்து ஆட்டோகிளேவ் செய்த வேட்டித் துணியில் வடிகட்டினேன். இதில் 18 மி.லி. எடுத்து, எமல்ஷன் 7 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கைட்டோசான் எடையில் கால்பங்கு கிளிசரின் சேர்த்தேன். கிளிசரின் இல்லாவிட்டால் காய்ந்த ஃபிலிம் அப்பளம் மாதிரி நொறுங்கும், கூடிப்போனால் விரலில் பிசுபிசுக்கும். ஊற்றுவதற்கு முன் காற்றுக் குமிழி முழுக்க வெளியேறும்வரை காத்திருங்கள், ஒவ்வொரு குமிழியும் காய்ந்த ஃபிலிமில் ஒரு ஓட்டையாக நிற்கும்.

முதல் வார்ப்பைச் சாதாரண பிளாஸ்டிக் பெட்ரி தட்டில் ஊற்றி 40 டிகிரியில் ஒரு நாள் வைத்தேன். உரிக்கப்போனால் ஃபிலிம் வரவில்லை, கத்தி முனையை விட்டுக் கிளப்பினால் தட்டின் அடிப்பாகமும் சேர்ந்து இழுபட்டது. தட்டின் உள்பக்கம் வெளுத்து, நுணுக்கமாகச் சிலந்தி வலை போல விரிசல். அந்தத் தட்டுகள் பாலிஸ்டைரீன், கிராம்பு எண்ணெய் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். தண்ணீர் வற்ற வற்ற எண்ணெய்ச் செறிவு ஏறி, தட்டைத் தின்றிருக்கிறது. அந்த ஃபிலிமில் கரைந்த பிளாஸ்டிக்கும் இருக்கும் என்பதால் மொத்தத்தையும் தூக்கிப்போட்டேன். கண்ணாடித் தட்டில் ஊற்றினால் வேறு தொல்லை, ஒட்டிக்கொண்டு கிழிந்தது. கடைசியில் பாத்திரக் கடையில் டெஃப்லான் பூசிய ஒரு சின்னத் தட்டு வாங்கிவந்தேன். அதில் ஊற்றியது விளிம்பைத் தூக்கியதும் வெங்காயத்தோல் மாதிரி அப்படியே எழுந்து வந்தது. இளமஞ்சள், பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கலாம். எத்தனாலில் ஊறவைத்து யூஜெனாலை அளந்ததில், போட்டதில் 61 சதவீதம் மிச்சம். மீதி காயும்போது காற்றோடு போயிருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே யூஜெனால் என்று கணக்கு வந்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுவேதான் பிரச்சினையாக நிற்கும்.

கிருமிச் சோதனைக்கு வருகிறேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற பாக்டீரியா, தோல் தொற்றென்றால் முதலில் வந்து நிற்கிறது அதுதான். இந்தச் சோதனைக்கு வழக்கமான மெக்ஃபார்லேண்டு 0.5 கலங்கலுக்கு வளர்த்து, கிருமி வளர்க்கிற கூழான முல்லர் ஹிண்டன் அகாரில் பூசி, 6 மி.மீ. வட்டமாக வெட்டிய ஃபிலிமை வைத்து ஒரு ராத்திரி இன்குபேட்டரில் விட்டேன். காலையில் ஃபிலிமைச் சுற்றிக் கிருமி வளராத 19 மி.மீ. தெளிவு வளையம். போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பி, மேடத்திடம் தட்டையே எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எண்ணெய் போடாத வெறும் ஃபிலிமை வச்சியா?"

வைத்திருக்கவில்லை. மறுநாள் வைத்தேன். வெறும் ஃபிலிமுக்கு 14 மி.மீ. வளையம்.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கைட்டோசானுக்கே கிருமியைக் கொல்லும் குணம் உண்டு என்பது சரிதான், ஆனால் அது அகாருக்குள் பரவி அவ்வளவு தூரம் போகாது, தொட்ட இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அப்படியானால் வளையத்தை உண்டாக்குவது யார்? ஃபிலிமில் ஒரு துண்டை ஒரு சொட்டு வாலைவடிநீரில் நனைத்து பிஎச் தாளை வைத்தேன், 4 காட்டியது. அசிட்டிக் அமிலம்! காய்ந்த பிறகும் ஃபிலிமுக்குள் தங்கிப்போன அமிலம்தான் அகாரில் பரவி வளையம் போட்டிருக்கிறது. கிராம்பு எண்ணெயின் வெற்றி என்று நான் ஊருக்கெல்லாம் அனுப்பிய போட்டோவில் பாதிக்கு மேல் வினிகரின் வேலை. கைட்டோசான் ஃபிலிமில் யார் வளையம் காட்டினாலும் இப்போது நான் முதலில் கேட்பது மேடம் கேட்ட அதே கேள்வியைத்தான், வெறும் ஃபிலிம் இல்லாத தட்டை நான் நம்புவதே இல்லை.

அமிலத்தை எடுக்க வழக்கமான வழி, ஃபிலிமைச் சோடியம் ஹைட்ராக்சைடில் முக்கிக் கழுவுவது. முக்கினேன். கழுவிய நீர் மஞ்சளாகி கிராம்பு வாசனை அடித்தபோதே வயிற்றில் புளி கரைத்தது. யூஜெனால் ஒரு ஃபீனால், காரத்தில் உப்பாக மாறி தண்ணீரில் கரைந்து போய்விடும். அமிலத்தோடு மருந்தையும் சேர்த்துக் கழுவி ஊற்றிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2 சதவீத கைட்டோசானில் இருக்கிற அமீன் தொகுதிகளுக்கு எவ்வளவு அமிலம் தேவை என்று பார்த்தால் 0.7 சதவீதமே தாராளம், எல்லோரும் ஒரு சதவீதம் போடுகிறார்கள் என்று நானும் போட்டிருக்கிறேன், உபரிதான் உள்ளே தங்கியது. 0.7-க்குக் குறைத்தேன், ஃபிலிமை உரித்தபிறகு வெற்றிட உலர்த்தியில் இரண்டு நாள் கூடுதலாக வைத்தேன். இப்போது வெறும் ஃபிலிமுக்கு வளையம் இல்லை, அடியில் மட்டும் கிருமி வளரவில்லை. எண்ணெய் ஃபிலிமுக்கு 13 மி.மீ. பத்தொன்பதைவிடச் சின்ன எண், ஆனால் இது எண்ணெயின் எண்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் ஃபிலிமையும் வெறும் ஃபிலிமையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மூடிய தட்டுக்குள் ஆவி சுற்றும். தனித்தனித் தட்டு, முடிந்தால் தனித்தனிப் பெட்டி.

வளையம் அளப்பதையே அப்புறம் குறைத்துக்கொண்டேன். எண்ணெய் தண்ணீரோடு சேராத பொருள், அகாரில் எவ்வளவு தூரம் ஊர்கிறது என்பதை வைத்து அதன் பலத்தைச் சொல்ல முடியாது. புண்ணில் ஃபிலிம் நேரடியாக ஒட்டியிருக்கப்போகிறது, அதனால் ஃபிலிம் மேலேயே கிருமிச் சொட்டை விட்டு, நாலு மணி நேரம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணினேன். எடுத்து நீர்க்கும்போது ட்வீனும் லெசித்தினும் கலந்த நீரில் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிவந்த எண்ணெய் தட்டிலும் தொடர்ந்து கொன்று பொய்க் கணக்கு காட்டும். பத்து லட்சம் ஸ்டாஃப் விட்டதில் வெறும் ஃபிலிமில் ஏறக்குறைய ஒரு லட்சம் மிச்சம், எண்ணெய் ஃபிலிமில் ஒன்றுகூட எழவில்லை. கேண்டிடா பூஞ்சைக்கும் ஏறக்குறைய அதே முடிவு. நாள்பட்ட புண்களில் அடிக்கடி இருக்கிற சூடோமோனாஸ் பாக்டீரியா மட்டும் அசையவே இல்லை. அதற்கு வெளியே இன்னொரு உறை உண்டு, உள்ளே வருவதைத் திரும்ப வெளியே தள்ளும் ஏற்பாடும் உண்டு. இந்த ஃபிலிம் அதற்கு ஆகாது, நாள்பட்ட சர்க்கரைப் புண்ணுக்கு இதைப் பரிந்துரைக்கலாமா என்று யாராவது கேட்டால் கூடாது என்பேன்.

இதற்கிடையே அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். போட்டோவில் பார்த்த அந்தக் கண்ணாடித் தாளில் ஒரு துண்டு கொண்டுவந்தால் என்ன என்று. பத்து லட்சத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று பார்த்த அன்றைக்கு எனக்கே ஆசை வந்தது. பையில் ஒரு துண்டை எடுத்து வைத்தேன், பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் கொண்டும் போனேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. அந்த 2 மில்லிகிராம் கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 2006-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் கிராம்பு எண்ணெய் 0.03 சதவீதத்திலேயே மனிதத் தோல் செல்களைக் கொல்கிறது என்று பார்த்திருந்தேன். என் ஃபிலிமில் ஒரு சதுர சென்டிமீட்டர் துண்டு, புண்ணில் ஊறுகிற ஒரு மி.லி. நீரில் தன் யூஜெனாலை முழுக்க விட்டால் 0.2 சதவீதம் ஆகிறது. ஆறேழு மடங்கு. கிருமியின் சவ்வைக் கிழிக்கிற பொருளுக்கு அம்மாவின் தோல் செல்லின் சவ்வும் சவ்வுதான். அந்தத் துண்டை மறுநாள் திரும்ப ஆய்வகத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற இணைப்புத்திசு செல்களில் சோதிக்க வெளியே அனுப்பினோம். ஃபிலிமை ஊறவைத்த நீரை அப்படியே செல்களில் விட்டபோது 31 சதவீதம்தான் உயிரோடு இருந்தன. மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 10993-5 அளவுகோலின்படி 70-க்குக் கீழே போனால் நச்சு. நான் எவ்வளவு ஆசையாகச் செய்த ஃபிலிம்! அன்றைக்கு மேடம் என்னிடம் அதிகம் பேசவில்லை, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இனிமே கொல்றதைப் பத்தி யோசிக்காத, எவ்வளவு குறைச்சுக் கொல்லலாம்னு யோசி" என்றார்.

எண்ணெய் என்றாலே இப்படித்தான் என்று கைவிடவும் தோன்றவில்லை. 2004-இல் இங்கிலாந்தில் 224 நோயாளிகளிடம் டீ ட்ரீ எண்ணெய்க் களிம்பை, பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபான எம்ஆர்எஸ்ஏ கிருமிக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூக்குக்குள் இருக்கிற கிருமியை அகற்றுவதில் முப்பிரோசின் என்கிற ஆன்டிபயாட்டிக் களிம்பு 78 சதவீதம், டீ ட்ரீ 47 சதவீதம், மருந்துதான் மேல். ஆனால் தோலின் மேற்பரப்பிலும் புண்களிலும் டீ ட்ரீ, ஒப்பிட்ட மருந்துகளைவிட நன்றாகச் செய்திருக்கிறது. தோலின் மேலே, ஆழமில்லாத இடத்தில், அளந்து கொடுத்தால் எண்ணெய்க்கு வேலை இருக்கிறது என்றே நான் அதைப் புரிந்துகொண்டேன்.

எமல்ஷனைக் குறைத்து, முன்பு இருந்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் உள்ள ஃபிலிம் ஊற்றினேன். வளையம் கிட்டத்தட்ட இல்லை. முன்பானால் இதைத் தோல்வி என்று குப்பையில் போட்டிருப்பேன். ஃபிலிம் மேலேயே கிருமிச் சொட்டை விடுகிற தொடுசோதனையில் நாலு மணி நேரத்தில் பத்து லட்சம் என்பது சில ஆயிரமாக இறங்கியது, ஒரு நாள் விட்டால் எண்ணத்தக்க அளவுக்கு எதுவும் மிஞ்சவில்லை. கைட்டோசான் ஒரு பக்கம், யூஜெனால் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து தள்ளுகிறது என்று நினைக்கிறேன், இரண்டில் எதுவும் தனியாக அவ்வளவு இறக்கவில்லை. செல் சோதனையில் 76 சதவீதம் உயிரோடு இருந்தன. வாசனைகூட மெலிதாகத்தான் வருகிறது. ஒவ்வாமை என்பது தனிக் கேள்வி, யூஜெனால் ஐரோப்பாவில் அழகுசாதனப் பொருள்களின் உறையில் பெயர் போட்டே ஆகவேண்டிய வாசனை ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று. அதற்கு இன்னும் சோதனை பாக்கி.

ஒட்டுகிறதா என்று பார்க்க, கறிக்கடையில் ஆட்டுத்தோல் வாங்கி முடி மழித்து, அதில் ஃபிலிமை ஒட்டி, வயலில் எடுத்த சேற்றுநீரில் போட்டேன். நாற்பது நிமிடத்தில் ஊதிப் பெருத்து, ஓரம் சுருண்டு கழன்று வந்தது. ஆக வயலில் களிம்பு நிற்காததற்கு இதுவும் மாற்று ஆகாது. ஆனால் உலர்ந்த நிலையில், ராத்திரி முழுக்க, லேசாக ஈரம் பட்ட தோலில் காலைவரை ஒட்டியிருந்தது. அம்மா மருதாணி கட்டிக்கொண்டு படுக்கிற அதே ராத்திரிக்கு இது பொருந்தும். தண்ணீர் படுகிற வெளிப்பக்கத்துக்கு தண்ணீரில் கரையாத எத்தில் செல்லுலோஸில் ஒரு மெல்லிய படலம் சேர்த்து இரட்டை அடுக்காகச் செய்யமுடியுமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு அடுக்கும் காயும்போது பிரிந்துவிடுகின்றன, கைட்டோசான் பாதி காய்ந்து ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேலடுக்கை ஊற்றினால் கொஞ்சம் பரவாயில்லை.

செய்து பார்க்க நினைக்கிற மாணவர்களுக்கு ஒன்று. ஃபிலிம் ஊற்றுவது வரைக்கும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம், கிருமி வளர்ப்பதை மட்டும் முறையான வசதி இல்லாத இடத்தில் தொடாதீர்கள். கிராம்பு எண்ணெயை வீட்டில் நேரே புண்ணில் தடவிப் பார்க்கவும் வேண்டாம், ஏன் என்பதற்கு மேலே சொன்ன 31 சதவீதமே போதும். மனிதத் தோலில் வைப்பதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு முன் விலங்குச் சோதனை வேண்டும், எங்கள் ஃபிலிம் இரண்டுக்கும் இன்னும் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புது ஃபிலிமில் ஒரு துண்டை பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன், காட்டுவதற்கு மட்டும். முதல் போகமான கன்னிப்பூ வயலில் களை எடுத்துவிட்டு வந்து திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் அம்மா. உறையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இதற்குள்ளே கிராம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்துப் போட்டிருக்கிறேன் என்றேன். விரல் இடுக்கைக் காட்டினார், இரண்டு கால்களிலும் மறுபடி வெளுத்திருந்தது. இப்போது வைக்கக்கூடாது அம்மா, இன்னும் சோதனை முடியவில்லை, டாக்டர் கொடுத்த களிம்பையே போடுங்கள், விரல் இடுக்கை நன்றாகத் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள் என்றேன். உறையை என் கையிலேயே திரும்பத் தந்தார்.

"நீ சொல்லுத வரைக்கும் நான் தொடமாட்டேன் மக்கா. அடுத்த கும்பப்பூவுக்குள்ள சொல்லு."